முதுகில்லா முக்காலியும் கலாயோகியும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நடராசர் திருவுருவத்திலிருந்தே தொடங்குவர். சிவநடனம் பற்றிய நூலும், பாஸ்டன் நகர நூதனசாலையில் அவர் கழித்த முப்பது ஆண்டுகளும் அவர் பெயரோடு அவ்வளவு இறுக ஒட்டிக்கொண்டுவிட்டன. நான் ஒரு முக்காலியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று வீடு கட்டுவோருக்கு நிலம் மிகக் குறைவு. மலைச்சரிவில் கிடைத்த சில பேர்ச் காணியில் சுவரெழுப்பியபின் எஞ்சும் கூடத்திலே நாலு கதிரை போட்டால் ஐந்தாவது ஆள் நிற்கவேண்டியதுதான். ஆகவே தளபாடக் கடைகளில் மடக்கிச் சுவரோரம் சாத்தும் முக்காலிகளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முக்காலிகளும், உள்ளே பொருள் வைக்கும் பெட்டியாகவும் மேலே அமரும் ஆசனமாகவும் பயன்படும் இருக்கைகளும் வந்து குவிந்துள்ளன. இவையெல்லாம் மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்றே என்னிடம் பயிலும் இளைஞர் எண்ணுகின்றனர். இடத்தைச் சிக்கனமாக ஆளும் வித்தையைக் கண்டிச் சீமையின் குடியானவன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தான். அவன் வீட்டுப் பாயையும் கடைந்த மரக்காலையும் கோயிற் சிற்பத்துக்கு நிகரான மதிப்போடு நோக்கி, நூலில் ஏற்றி வைத்தவர் குமாரசுவாமி. அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி அதுவே.

அவர் பிறந்தது கொழும்பு, கொள்ளுப்பிட்டியில்; 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் தேதி. தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவர். பௌத்தர்களின் சுத்த நிபாதத்தை ஆங்கிலப்படுத்தியவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே, 1879 மே மாதத்தில் தந்தையார் காலமானார். பிள்ளை தாயோடு இங்கிலாந்திலே வளர்ந்தான். அத்தை மக்களான பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இங்கே தமிழர் தலைவர்களாக ஓங்கி வந்த காலத்தில், இவர் குளொஸ்டர்சயரில் ஒரு விடுதிப் பள்ளியில் கற்றுக்கொண்டிருந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். கல்லும் மண்ணும் அவருடைய முதற் காதல். கலை அப்பொழுது அவர் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

1902இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கில நங்கையை மணந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த பெருமை சிறிதன்று. சப்பிரகமுவைப் பகுதிக் கற்படிவுகளில் அவர் 1904இல் கண்டெடுத்த கருநிறக் கனிமம் தோரியம் நிறைந்த புதியதொரு பொருள் என்று இலண்டனில் நடந்த ஆராய்ச்சியால் புலப்பட்டது. தோரியனைட் என்ற பெயரும் பெற்றது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதே பாதையில் நடந்திருந்தால் நல்லதொரு நிலவியலாளராக ஓய்வூதியம் பெற்று மறைந்திருப்பார்.

ஆனால் கனிமம் தேடுவோன் பெருந்தெருவில் நிற்க முடியாது. ஒற்றையடிப் பாதைகளில் நடக்கவேண்டும். இரவானால் கிராமத்து வீட்டில் தங்கவேண்டும். அப்படித் தங்கிய வீடுகளிலே அவர் கண்ட பொருள்கள்தாம் அவரை மாற்றின. உடன் வந்த எதெல் அம்மையார் புகைப்படக் கருவி கொண்டு கைவினைஞரையும் அவர்தம் வேலையையும் படம் பிடித்தார். நெசவையும் சாயத்தையும் அவர் இங்குதான் உற்றுக் கவனிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில், இல்லறம் பிரிந்து எதெல் மெரெற் என்ற பெயரோடு வாழ்ந்தபோது, இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளர்களில் ஒருவராக அவர் விளங்கியதற்குக் கண்டி நாட்டில் கழிந்த அந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கண்டி வீட்டினுள் அப்படி என்னதான் இருந்தது? ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே விடை. 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகக் கூறியிருக்கிறான். கம்பு நட்டுக் களிமண் பூசிய தாழ்ந்த சிறுவீடுகள். சாதாரண மக்கள் ஓடு வேயவும் சுண்ணாம்பு பூசவும் அனுமதி இல்லை. உள்ளே உறிகளில் தொங்கும் மட்பாண்டங்கள் சில, உண்ணுவதற்கு இரண்டொரு பித்தளைக் கலங்கள், இரண்டொரு முதுகில்லா ஆசனங்கள். முதுகில்லாமைக்கும் அவன் காரணம் சொல்கிறான்: சாய்மானம் உள்ள ஆசனத்தில் அமரும் உரிமை அரசன் ஒருவனுக்கே உரியது.

நாம் இன்று இடம் போதாமையால் நாடுகின்ற முதுகில்லா முக்காலி, கண்டியிலே அரச கட்டளையால் எழுந்த வடிவம் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த அரசனின் சாய்மான ஆசனமோ உள்ளூர்ச் சரக்கன்று. கண்டியின் புகழ்பெற்ற சிங்காசனம் 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த கையுறை. 1815இல் ஆங்கிலேயர் அதைக் கவர்ந்து சென்று, 1934இல் திருப்பித் தந்தனர். இன்று அது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. நமது சொற்களும் இந்தக் கதையையே சொல்லும். கதிரை, வாங்கு, மேசை, அலுமாரி என்று நாம் நாள்தோறும் வழங்குவனவெல்லாம் போர்த்துக்கேயர் கப்பலில் வந்திறங்கிய சொற்கள். மணை, தவிசு, முக்காலி என்பன நம் வீட்டுச் சொற்கள். சாய்ந்துகொள்வது கடல் கடந்து வந்தது. நிமிர்ந்திருப்பது இங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம் போலும்!

பொருள் குறைவான அந்த வீட்டிலே ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று வேலை செய்தது. பகலில் கூடமாக இருந்த இடம் பாயை விரித்தவுடன் பள்ளியறை ஆகும். பாயைச் சுருட்டி உயரத்தில் செருகியவுடன் மீண்டும் கூடம். தேங்காய் துருவும் துருவலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து அடுக்களையிலும் கண்டியின் அடுக்களையிலும் அது ஒன்றே: குந்தியிருக்க ஒரு தாழ்ந்த பலகை, அதன் முன்னீட்டில் பல் வைத்த இரும்பு நாக்கு. அமர்பவரின் பாரமே கருவியை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பிடியும் வேண்டா, மேசையும் வேண்டா. வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம். மடக்கி வைக்கும்படி அமைந்த துருவலைகளும் உண்டு. ஆசனமும் கருவியும் இவ்வளவு சுருக்கமாக ஒன்றிய வேறொரு படைப்பை எந்தத் தேசத்துக் கடையிலும் நான் கண்டதில்லை.

முக்காலி என்ற நம் சொல்லிலும் ஒரு கணித உண்மை அடங்கியிருக்கிறது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்த உறுதி இல்லை. சாணமிட்டு மெழுகிய மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. 1933இல் பின்லாந்து தேசத்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ, மரத்தை வளைத்து மூன்று கால்களும் வட்டப் பலகையும் கொண்ட முக்காலியொன்றை அமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்போல அடுக்கிவைக்கும் அந்த ஆசனம் இன்றும் உலகெங்கும் விலையாகிறது. அவர் கண்டது அடுக்கும் உபாயம். மூன்று கால் மிகப் பழையது.

இந்தப் பொருள்கள் செய்யப்பட்ட முறையைக் குமாரசுவாமி வியப்போடு ஆராய்ந்தார். மாத்தளைப் பகுதியில் அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கயிற்றால் மாறிமாறி இழுத்துச் சுழற்றும் கடைசற் பட்டடையில் மரக்காலைப் பொருத்தி உளியால் கடைவர். வடிவம் வந்தபின், சுழலும் மரத்தின்மீது நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வில் எழும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிந்துவிடும். ஓலை நறுக்கொன்றை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போன்ற மினுக்கு ஏறும். தூரிகை இல்லை, எண்ணெய் இல்லை, உலர்வதற்குக் காத்திருப்பதும் இல்லை. இன்னொரு வகையில், இளஞ்சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தின்மேல் கோலமாகப் பதித்து, கட்டைவிரல் நகத்தாலே துணித்துவிடுவர். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவையே முதன்மை நிறங்கள். கட்டிற் கால், ஏட்டுச் சட்டம், கைத்தடி, செப்பு எல்லாவற்றுக்கும் இதுவே முறை.

நிற்க. வியந்ததோடு அவர் அமைந்திருந்தால் பயணக் குறிப்பொன்று கிடைத்திருக்கும். இந்தக் கைகள் ஏன் ஓய்ந்துகொண்டிருக்கின்றன என்று அவர் கேட்டார். அரசர் காலத்தில் கைவினைஞனுக்குச் சம்பளம் கிடையாது. பணிக்கு ஈடாக நிலம் உண்டு. நிலம் சோறு போட்டது; ஆகவே ஒரு தூணுக்கு ஒரு மாதம் செலவிட அவனால் முடிந்தது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அரண்மனைப் பட்டறைகள் அற்றுப்போயின. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. குடியானவனுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைவினைஞனைத் தாங்கி வந்த அமைப்பும் அதனோடு தளர்ந்தது. எஞ்சிய ஆதரவு கண்டிப் பிரதானிகளிடம் இருந்தது. அவர்களோ விக்டோரியா காலத்துக் கதிரைகளையும் கப்பலில் வந்த பீங்கானையும் வாங்கத் தொடங்கினர்.

1905இல் குமாரசுவாமி அந்தப் பிரதானிகளுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். பழைய விகாரைகளைச் சிதைய விடாதீர்கள், பரம்பரைக் கைவினைஞருக்கு வேலை கொடுங்கள் என்பதே அதன் சாரம். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், இருபத்தெட்டு வயதும் நிரம்பாதவர், தந்தைவழித் தமிழர், தாய்வழி ஆங்கிலேயர், சிங்களப் பிரதானிகளை நோக்கி இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, அவரே தலைவர். மேனாட்டு உடையையும் தளபாடத்தையும் சிந்தனையின்றிப் பின்பற்றுவதை அச்சங்கம் கண்டித்தது. தமிழ்க் குலத்தில் வந்தவர் தம் முதற் பெருநூலைச் சிங்களக் கலைக்கா எழுதுவது என்று குறைப்படும் அன்பர்களை நான் கண்டிருக்கிறேன். காலுக்குக் கீழே கிடந்த பொன்னை அவர் எடுத்தார். அது யாருடைய காணி என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

அந்த நூல்தான் மத்தியகாலச் சிங்களக் கலை. அது அச்சேறிய விதம் தனியே சொல்லத்தக்கது. 1907இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, கொட்ஸ்வோல்ட் குன்றுகளிடையே பிராட் கேம்ப்டன் என்ற சிற்றூரில், பழைய நோர்மன் தேவாலயம் ஒன்றைப் புதுக்கி அமைத்த வீட்டில் குடியேறினார். அதைப் புதுக்கியவர் அஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர். இலண்டனின் கீழ்ப்பகுதித் தச்சரையும் கொல்லரையும் தட்டாரையும் குடும்பத்தோடு 1902இல் அந்த நாட்டுப்புறத்துக்கு அழைத்துவந்து, கைத்தொழிற் சங்கம் ஒன்றை நடத்தியவர். வில்லியம் மொறிஸ் தம் அழகிய நூல்களை அச்சிட்ட பொறி அஷ்பீயின் அச்சகத்துக்கு வந்து, அங்கிருந்து குமாரசுவாமியின் இல்லத்தை அடைந்தது. 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, அவரே மேற்பார்வை செய்ய, 425 பிரதிகள் அச்சிடப்பட்டன. கைவினையைப் புகழும் நூல் கைவினையாகவே பிறக்கவேண்டும் என்ற பிடிவாதம் அது! ஆனால் அந்தப் பதினாறு மாதங்களுக்குள்ளேயே அஷ்பீயின் சங்கம் நட்டத்தில் மூழ்கிக் கலைந்துபோயிற்று. ஆலைகள் மலிவாகச் செய்துதள்ளிய பொருளோடு நல்ல தச்சனால் போட்டியிட முடியவில்லை. கண்டியில் அவர் கண்ட நோயையே இங்கிலாந்திலும் தம் வீட்டு வாயிலருகே கண்டார்.

இவ்விடத்தில் அவரோடு எனக்குள்ள பிணக்கையும் சொல்லவேண்டும். பழைய சமுதாயத்தின் ஒழுங்கை அவர் சற்று மிகையாகவே நேசித்தார். பரம்பரைத் தொழில் திறமையைக் காக்கும் வேலி என்று கண்டவர், அந்த வேலிக்குள் அடைபட்டவனின் மூச்சுமுட்டலுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. கண்டி வீட்டிலே வந்தவனின் குலத்தை அவனுக்கு இடப்படும் ஆசனத்தின் உயரமே அறிவித்தது. ஒருவனுக்கு உயர்ந்த பீடம், ஒருவனுக்குத் தாழ்ந்த மணை, ஒருவனுக்குப் பாய், ஒருவனுக்கு வெறுந்தரை. தும்பறைப் பக்கத்தில் நாரினால் சித்திரப் பாய் நெய்யும் கின்னரர், அச்சமுதாயத்தின் அடிப்படியில் வைக்கப்பட்டவர்கள். பிரதானி வீற்றிருக்கும் பாயை நெய்தவனுக்கு அந்த வீட்டில் அமர ஒரு மணை கிடைக்காது.

நாமும் இதில் பெருமைப்பட இடமில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் தரையிலும் இருந்து படித்தனர். உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று 1929இல் அரசாங்கம் விதித்தபோது எழுந்த எதிர்ப்பில், அடுத்த ஆண்டில் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஒரு முழ உயரமுள்ள மரப்பலகைக்காகப் பள்ளிக்கூடத்தை எரித்தவர்கள் நம்மவரே. ஆசிரியராயுள்ளோர் முக்காலியின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது அரக்கின் மினுக்கோடு இதையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

பிந்திய வாழ்க்கையை யாவரும் அறிவர், விரைந்து கடக்கிறேன். 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றிய சிறுநூல். 1910, 1911இல் அலகபாத் பொருட்காட்சியில் கலைப்பகுதிப் பொறுப்பு. இராசபுத்திர ஓவியங்களைத் தேடித் திரட்டிய பயணங்கள். திரட்டிய செல்வத்தை இந்தியாவில் தேசிய நூதனசாலை ஒன்றுக்கு வழங்க முன்வந்தும் அது கைகூடவில்லை. 1917இல் அவரும் அவர் தொகுப்பும் பாஸ்டன் நகரை அடைந்தனர். நூதனசாலையில் இருந்துகொண்டே, நூதனசாலைகள் எதற்கு என்ற கேள்வியை 1943இல் ஒரு நூலாக எழுப்பினார். கண்ணாடிப் பெட்டியில் உள்ளவையெல்லாம் ஒருகாலத்தில் யாரோ உண்ட கலம், யாரோ அமர்ந்த ஆசனம், யாரோ வழிபட்ட உரு. பயனிலிருந்து பிரிந்த அழகை அக்காலத்து மக்கள் அறியார் என்பது அவருடைய வாதம். கண்டியில் பழைய அரண்மனையின் ஒரு பகுதியிலே அமைந்த நூதனசாலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

1947 ஆகஸ்ட் 22ஆந் தேதி, இந்தியா சுதந்திரம் பெற்ற ஒரு வாரத்தில், அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அமெரிக்காவை விட்டு இந்தியா சென்று இறுதிக் காலத்தைத் தியானத்தில் கழிக்கப் போவதாக அன்று நண்பர்களுக்கு அறிவித்தார். செப்டெம்பர் 9ஆந் தேதி, பாஸ்டனை அடுத்த நீடம் என்ற ஊரில், தம் இல்லத்தில் காலமானார்.

அவருடைய கண்டிக் கனவைச் செங்கல்லிலும் மரத்திலும் ஏற்றியவர் கண்டியிலேயே பிறந்த மின்னெட் டி சில்வா அம்மையார் (1918–1998). பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்மணி இவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் கருணாரத்தின தம்பதிக்கு அமைத்த வீட்டில், தும்பறைப் பாய் நெசவைக் கதவுப் பலகைகளுக்குப் பயன்படுத்தினார். தரையில் கிடந்த பாய் நிமிர்ந்து கதவாயிற்று! ஐம்பதுகளின் பிற்பகுதியில் வத்தப்புளுவையில் அரசாங்க ஊழியர்க்கான வீட்டுத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறவிருந்தோரிடம் அவர்களுடைய வாழ்க்கை முறையையும் தேவைகளையும் வினாப்பத்திரம் மூலம் கேட்டறிந்த பின்பே வரைபடம் வரைந்தார். சிறுவீட்டுக்குத் தளபாடம் தேடுவோர் கடைக்குப் போகுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் அவை: எங்கே உண்போம், எத்தனை பேர் அமர்வோம், மழைக்காலத்தில் எங்கே ஒதுங்குவோம்?

பதினாலாம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மரத்தூண்களால் பேர்பெற்ற எம்பெக்கைக்குச் செல்லும் தெருவில் மரவேலைக் கடைகள் பல உள்ளன. விற்பனைக்கு நிற்பவை பெரும்பாலும் யானைகளும் முகமூடிகளும். சென்ற மாதம் அங்கே ஒரு முதியவரிடம், என் சமையலறை மேசையின் கீழே நுழையத்தக்க உயரத்தில், முதுகில்லாத முக்காலிகள் மூன்று வேண்டுமென்று சொன்னேன். அவர் மேசையின் உயரத்தைக் கேட்டார். பிறகு, சமையலறைத் தரை சிமெந்தா மரமா என்று கேட்டார். மரம் பலாவாக இருக்கட்டும் என்று தாமே முடிவு செய்தார். யானை வாங்க வருபவர்கள் இதெல்லாம் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு, பலகைத் துண்டொன்றில் பென்சிலால் அளவைக் குறித்துக்கொண்டார்.